இமைக்கும் திரை

இருளில் திறன்பேசியைப் பார்க்கும் சிலருக்குக் கண் வலிக்கும், தலையும் நோகும். படிக்க மனமின்றிப் பிள்ளைகள் கூறும் சாக்கு என்று பெரியோர் சிலர் இதனைக் கருதுவர். எனினும், திரையின் ஒளியே இதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஓஎல்இடி திரைகள் பலவற்றில், வெளிச்சத்தைக் குறைப்பதற்காக ஒளிப்புள்ளிகள் மிக விரைவாக அணைந்து அணைந்து எரிகின்றன. சில திறன்பேசிகளில் இது நொடிக்கு 240 முறை நிகழ்கிறது. வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க, அணைந்திருக்கும் நேரம் நீள்கிறது. நம் கண்ணுக்கு அது தொடர்ந்த ஒளியாகவே தோன்றும். ஆயினும், சிலருடைய கண்கள் அதனால் களைப்படைகின்றன. வேறொரு திறன்பேசியின் கேமரா வழியே அத்திரையை நோக்கினால், கரிய பட்டைகள் நகர்வதைச் சில வேளைகளில் காணலாம்.

மேலும், திரையை உற்றுநோக்கும்போது நாம் இமைப்பது குறைகிறது, கண் உலர்கிறது.

ஊரிலுள்ள தாத்தா பாட்டியின் முகத்தை நமக்குக் காட்டுவதும் இத்திரையே. ஆதலால், இதனை அறவே விலக்க வேண்டியதில்லை. முறையாகப் பயன்படுத்தினால் போதும். அறை விளக்கை எரியவிட்டுத் திரையின் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுக. 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 நொடி நோக்குக. வலி நீடித்தால், மறைக்காமல் பெற்றோரிடம் கூறிக் கண் மருத்துவரை நாடுக.

வினா: திரையின் வெளிச்சத்தை மிகவும் குறைத்தால் சிலருக்குக் கண் களைப்படைவது ஏன்?