நீலி அழுதது பொய்யா?

உருமாறுகிறவனை லத்தீன் மொழி தோலை வைத்து அடையாளம் சொன்னது. தமிழோ ஒரு பெண்ணின் பெயரையே வசையாக்கிவிட்டது.

மூடு என்றால் மரத்தடி. தெற்கே பல ஊர்ப் பெயர்கள் இப்படித்தான் முடிகின்றன. அவற்றில் ஒன்றான பனச்சமூடு, இரு மாநில எல்லையில் நிற்கும் சந்தை ஊர். இந்தப் பக்கம் விளவங்கோடு, அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1ல் நிலம் பிரிந்தது. பேய்கள் பிரியவில்லை. மலையாளியின் யட்சியும் தமிழனின் இசக்கியும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகள்தான்.

பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட காட்டு வழியில் யட்சி ஒருத்தி அழகியாக வந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாளாம். கொடுக்க நின்றவன் ஊர் திரும்ப மாட்டான். கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதீகமாலை' சொல்லும் கதை இது. அவளை அடக்கிய கடமற்றத்துக் கத்தனார் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார். ஆயுதம், ஓர் இரும்பு ஆணி.

ரோமானியர்களிடமும் இப்படி ஒரு பிறவி உண்டு: வெர்சிபெல்லிஸ், அதாவது தோலைத் திருப்பிப் போடுகிறவன். முதல் நூற்றாண்டு எழுத்தாளர் பெட்ரோனியஸின் கதையில், நிலா வெளிச்சத்தில் ஒரு சிப்பாய் துணியைக் கழற்றிப் போட்டு ஓநாயாகிறான். மனிதன் ஓநாயாவது வெறும் பொய் என்று அதே காலத்தில் வாழ்ந்த பிளினி எழுதிவைத்தார். ஆனாலும் அந்தச் சொல் வசையாக நிலைத்துவிட்டதையும் அவரே குறிப்பிடுகிறார். நாம் பச்சோந்தி என்று திட்டுவதைப் போல.

நம் வசை வேறு மாதிரி. நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டில் நடந்ததாக வில்லுப்பாட்டு சொல்லும் கதையில், பூசாரி ஒருவன் தன்னை நம்பிப் பின்னால் வந்த தாசிப் பெண்ணை, அவள் தூங்கும்போது தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். நகைக்காக. சாட்சி, கள்ளிச்செடி மட்டும். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் நீலி. கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன்' என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். எழுபது வேளாளர்கள் அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்து அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரும் இந்தக் கதைக்கு உரிமை கொண்டாடுகிறது.

அவன் புருஷன் என்றது பொய். அவன் கொன்றது மெய். சபை முதலாவதை மட்டுமே விசாரித்தது. தமிழும் அதையே பிடித்துக்கொண்டது: நீலிக்கண்ணீர். இன்றும் புகார் சொல்ல வரும் பெண் அழுதால், விசாரிப்பதற்கு முன்பே யாராவது இந்த வார்த்தையை எடுத்துவிடுகிறார்கள். கொலைகாரப் பூசாரியின் பெயரில் மட்டும் ஏனோ ஒரு பழமொழியும் இல்லை.

சமணர்கள் அவளை வேறு விதமாகக் கண்டார்கள். 'நீலகேசி' காப்பியத்தில் பழையனூர் நீலி முனிவரிடம் அறம் கற்று, மற்ற சமயத்தாரை வாதில் வெல்கிறாள். 2025 ஆகஸ்டில் வெளிவந்த 'லோகா' மலையாளப் படத்திலோ கள்ளியங்காட்டு நீலிதான் கதாநாயகி, அதுவும் சாகச நாயகி.

ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தலில் அவள் இசக்கியம்மன். கையில் குழந்தையோடு இருக்கும் அந்த அம்மனிடம், பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.