பெண்ணுக்கு எதற்குப் பட்டாளம்?

"ஏட்டி, ஒனக்கு எதுக்குப் பட்டாளம்?"

பாபநாசம் மலையடிவாரத்தில் இருந்து புன்னைக்காயல் கடற்கரை வரை, தாமிரபரணி பாயும் எந்த ஊரிலும் இந்தக் கேள்வி எழும்.

மகன், "ராணுவத்தில் சேரப் போகிறேன்" என்றால் வீட்டில் கொஞ்சம் கண்ணீர் வரும். கூடவே பெருமையும் வரும். அதையே மகள் சொன்னால்? தாய் அடுப்படியை விட்டு வெளியே வருவாள். தகப்பனார் பத்திரிகையைக் கீழே வைப்பார். பாட்டி, "காலம் கெட்டுப் போச்சு" என்பாள்.

பெண் ஆசிரியை ஆகலாம். நர்ஸ் ஆகலாம். கலெக்டர்கூட ஆகலாம். ஆனால் முடியை ஒதுக்கிக் கட்டி, பூட்ஸ் மாட்டி, துப்பாக்கி பிடித்துச் சிப்பாயாக நிற்பதா? இது என்ன புதுப் பழக்கம்?

புதுப் பழக்கம் அல்ல. தமிழ்ப் பெண் சிப்பாயாகி 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் கதவு சாத்திக் கிடந்தது. அவ்வளவுதான்.

கடல் கடந்த தமிழர்

நெல்லைச் சீமைக்கும் சிங்கப்பூருக்கும் உறவு பழையது. சிற்றாற்றுப் பக்கத்தில் உள்ள கடையநல்லூர், தென்காசி ஊர்களில் இருந்து முஸ்லிம் குடும்பங்கள் சிங்கப்பூரில் குடியேறின. பிழைக்கப் போன மற்ற ஊர்க்காரர்களில் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுப் போனார்கள். கடையநல்லூர்க்காரர்களோ குடும்பத்தோடு போனார்கள். 1941-ம் ஆண்டிலேயே ஊர்ப் பெயரில் அங்கே சங்கம் அமைத்துவிட்டார்கள்.

மலாய் நாட்டு ரப்பர் தோட்டங்களிலோ இன்னும் பெரிய கூட்டம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய தமிழ்க் கூலிகளின் குடும்பங்கள் அவை. ஆணும் பெண்ணும் விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டப் போவார்கள். கங்காணி வைத்ததே சட்டம். இந்தத் தோட்டங்களில் இருந்துதான், எழுத்து வாசனை அறியாத பெண்கள் பலர் பட்டாளத்துக்குப் போனார்கள்.

நேதாஜியின் அழைப்பு

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சிங்கப்பூரும் மலாய் நாடும் ஜப்பானியர் பிடியில் இருந்தன. 1943-ம் ஆண்டு ஜூலை 2-ந்தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். அதற்கு ஜான்சி ராணியின் பெயரை வைத்தார்.

அதைக் கேட்டவர்கள் திகைத்தார்கள். நர்ஸ் வேலைக்குப் பெண்கள் வருவார்கள்; சண்டை போட வருவார்களா?

அந்தப் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் லட்சுமி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1940-ம் ஆண்டு சிங்கப்பூர் சென்று, ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் செய்துகொண்டிருந்தார். ஜூலை 12-ந்தேதி நடந்த பெண்கள் கூட்டத்தில், சேலை கட்டிய 20 பெண்கள் கையில் துப்பாக்கியோடு நின்று நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். அந்த இருபது பேரைத் தேடிச் சேர்த்தவர் லட்சுமிதான். பின்னர் கேப்டன் லட்சுமி என்று நாடெங்கும் அறியப்பட்டார்.

காதணியைக் கழற்றினார்

கோலாலம்பூரில் ஒரு வசதியான தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுப் பெண் ஜானகி தேவர். இருபது வயது நிரம்பாதவர். செல்லமாக வளர்ந்தவர்.

நேதாஜி அங்கே பேச வந்தார். விடுதலைக்காக உங்களிடம் உள்ளதைக் கொடுங்கள் என்று கேட்டார். கூட்டத்தில் இருந்த ஜானகி தம் காதில் கிடந்த தங்கக் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

நகையைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. தம்மையே கொடுக்க விரும்பினார். பெண்கள் படையில் சேர முடிவு செய்தார். வீட்டில் புயல் வீசியது.

கையெழுத்து

படையில் சேர ஒரு நிபந்தனை இருந்தது. மணமாகாத பெண் என்றால் தகப்பனார் சம்மதிக்க வேண்டும். மணமானவள் என்றால் கணவர் சம்மதிக்க வேண்டும்.

ஜானகியின் தகப்பனார் இணங்கவில்லை. எந்தத் தகப்பனார்தான் உடனே இணங்குவார்? மகளை ஆண்கள் நிறைந்த பட்டாளத்துக்கு அனுப்புவதா? ஊர் என்ன பேசும்? நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்? தாமிரபரணிக் கரையில் இன்று கேட்கும் அதே கேள்விகள்தான்.

மகள் விடவில்லை. பல முறை எடுத்துச் சொன்னபின், கடைசியில் தகப்பனார் இறங்கி வந்தார். எதிரியின் துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பெண் வென்ற முதல் போர் அது.

முகாம் வாழ்க்கை

1943-ம் ஆண்டு அக்டோபர் 22-ந்தேதி சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சேலை போயிற்று. காக்கிக் கால்சட்டையும் சட்டையும் வந்தன. நீண்ட கூந்தலைப் பலர் கத்தரித்துக்கொண்டார்கள். உடற்பயிற்சி, அணிவகுப்பு, நெடுநடை, துப்பாக்கி சுடுதல், வெடிகுண்டு வீசுதல், வரைபடம் பார்த்தல் என்று ஒவ்வொன்றாகக் கற்றார்கள். கட்டளைகள் இந்துஸ்தானியில் வரும். தமிழ் மட்டுமே தெரிந்த பெண்கள் அதையும் கற்றுக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு முகாமிலேயே பாடம் நடந்தது.

ஜானகிக்கு முதல் நாட்கள் கசந்தன. வீட்டில் பழகிய சுகம் வேறு. முகாம் சாப்பாடும் படுக்கையும் வேறு. ஆனால் அவர் திரும்பிப் போகவில்லை.

அந்த முகாமின் பெரிய அதிசயம் துப்பாக்கி அல்ல. பங்களா வீட்டுப் பெண்ணும் பால்மரம் வெட்டிய பெண்ணும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஒரே தட்டில் சோறு வாங்கினார்கள். கங்காணி முன்னால் தலை குனிந்து நின்ற பெண், "நான் ஜான்சி ராணிப் படைச் சிப்பாய்" என்று தலை நிமிர்ந்து சொன்னாள். அதுவரை அவளை யாரும் அப்படி நிற்கச் சொன்னதில்லை.

யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த, ஈப்போவில் பிறந்த ராசம்மா என்ற பெண் தம் அக்காளோடு சேர்ந்தார். அப்போது வயது பதினாறுதான்! பின்னாளில் ராசம்மா பூபாலன் என்ற பெயரில் மலேசியாவில் புகழ்பெற்ற கல்வியாளராக விளங்கினார்.

பர்மாவில்

1944-ம் ஆண்டு பெண்கள் படை பர்மாவுக்குப் போயிற்று. இம்பால் சண்டை தோல்வியில் முடிந்ததால், முன்னணியில் நின்று போரிடும் வாய்ப்பு அவர்களுக்கு வரவில்லை. ரங்கூனிலும் மேமியோவிலும் காயம்பட்ட வீரர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஆஸ்பத்திரிகள் மீதும் குண்டு விழுந்த காலம் அது. ஜானகி கேப்டனாக உயர்ந்தார். படையின் இரண்டாவது தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

1945-ம் ஆண்டு ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்க நேர்ந்தது. பெண்களைப் பத்திரமாக அனுப்பாமல் நான் போகமாட்டேன் என்று நேதாஜி நின்றுவிட்டார். பகலில் விமானத் தாக்குதல். ஆகவே இரவில் நடை. சேறு, ஆறு, காடு எல்லாம் கடந்து பாங்காக் நோக்கிப் போனார்கள். நேதாஜியும் அவர்களோடு கொப்புளம் விட்ட கால்களோடு நடந்தார்.

எல்லாரும் வீடு திரும்பவில்லை. பர்மாவில் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தபோது நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரு பெண்கள் உயிரிழந்தார்கள்.

போர் முடிந்தபின் ஜானகி பொதுவாழ்வில் இறங்கினார். 1946-ம் ஆண்டு மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதில் பங்கு கொண்டார். மலேசிய நாடாளுமன்ற மேல்சபை உறுப்பினர் ஆனார். 2000-ம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2014-ம் ஆண்டு மே 9-ந்தேதி காலமானார். "யார் கட்டிக்கொள்வார்கள்" என்று ஊர் கேட்கும் கேள்விக்கும் பதில் உண்டு. ஆதி நாகப்பனை மணந்து குடும்பமும் நடத்தினார்.

சட்டம் போட்ட பூட்டு

இந்தியா விடுதலை பெற்றது. இனிப் பெண்களுக்கு ராணுவக் கதவு திறக்கும் என்று நினைத்தால், நடந்தது வேறு.

1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 12-வது பிரிவு, சர்க்கார் தனியாக அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர வேறு எதிலும் பெண்கள் சேர முடியாது என்று சொன்னது. டாக்டர், நர்ஸ் வேலைகளுக்குத் தடை இல்லை. மற்றவற்றுக்கு வழி இல்லை.

1992-ம் ஆண்டுதான் மற்றப் பிரிவுகளில் பெண் அதிகாரிகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். முதல் அணியில் 25 பேர். அவர்கள் பயிற்சி பெற்ற இடம் நம் சென்னைப் பரங்கிமலை. 1993-ம் ஆண்டு மார்ச்சில் அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். 2020-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு, பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பதவி தரவேண்டும் என்று தீர்ப்புக் கூறியது. பிறகு தேசியப் பாதுகாப்பு அகாடமியும் திறந்தது. அங்கே பயின்ற முதல் பெண்கள் 17 பேர் 2025-ம் ஆண்டு மே மாதம் தேறி வெளியே வந்தார்கள்.

ஆனால் இவர்கள் எல்லாரும் அதிகாரிகள். சாதாரணச் சிப்பாய்?

அதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராணுவப் போலீஸ் பிரிவில் 100 இடங்களுக்குப் பெண்களை அழைத்தபோது, விண்ணப்பித்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர்! தேர்வானவர்கள் பெங்களூரில் 61 வாரம் பயிற்சி பெற்றார்கள். 2021-ம் ஆண்டு மே 8-ந்தேதி 83 பெண்கள் சிப்பாய்களாக அணிவகுத்தார்கள்.

1943-ல் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள் பெற்ற இடத்தை, இந்திய ராணுவத்தில் ஒரு விவசாயியின் மகள் பெற 78 ஆண்டுகள் ஆயின.

நெல்லையில் இருந்து போகும் வழி

இப்போது பெண்கள் சிப்பாயாகச் சேருவது "அக்னிவீர்" திட்டத்தின் கீழ். பதினேழரை வயது நிரம்ப வேண்டும். பத்தாம் வகுப்புத் தேற வேண்டும். மணமாகாதவராக இருக்க வேண்டும். உயரம் 162 சென்டி மீட்டர்.

முதலில் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு. 2025-ம் ஆண்டு முதல் இதைத் தமிழிலும் எழுதலாம். அடுத்தது உடல் தகுதி. 1.6 கிலோ மீட்டர் தூரத்தை 8 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஏழரை நிமிடத்துக்குள் ஓடினால் முதல் பிரிவு. 10 அடி நீளமும் 3 அடி உயரமும் தாண்ட வேண்டும். பிறகு மருத்துவப் பரிசோதனை. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்கள் திருச்சி ராணுவ ஆள் சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகின்றன.

1.6 கிலோ மீட்டர் என்பது 400 மீட்டர் ஓடுபாதையில் நாலு சுற்று. கேட்கும்போது சிறிதாகத் தோன்றும். ஓடிப் பார்த்தால்தான் தெரியும். முதல் சுற்றில் வேகம் காட்டினால் மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கும். மாதக்கணக்கில் விடியற்காலையில் ஓடிப் பழக வேண்டும். அதற்குப் பாளையங்கோட்டையில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. கிராமத்துப் பெண்ணுக்கோ ஆற்றங்கரை ரோடுதான் மைதானம். இருட்டு விலகுமுன் மகள் தனியே ஓட முடியுமா? அண்ணனோ அப்பாவோ சைக்கிளில் கூட வந்தால் பாதி வெற்றி அங்கேயே கிடைத்துவிடும்.

பெற்றோர் அறிய வேண்டியது

ஆசையோடு கணக்கும் பார்க்க வேண்டும். அக்னிவீர் வேலை நான்கு ஆண்டுகளுக்குத்தான். 2022-ம் ஆண்டு அறிவித்தபடி, அதன்பின் நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர்ந்து எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்களுக்கு பென்ஷன் கிடையாது. முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30 ஆயிரம் ரூபாய். சேமநிதிக்குப் பிடித்ததுபோகக் கையில் கிடைப்பது 21 ஆயிரம். நான்கு ஆண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. அப்போதும் அந்தப் பெண்ணுக்கு இளம் வயதுதான். அந்தப் பணத்தை மேற்படிப்புக்கோ தொழிலுக்கோ வைப்பதா, நகையாக்கிவிடுவதா என்பதை வீட்டார் முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

நிரந்தரமாக இருக்க விரும்பும் பெண்ணுக்கு வேறு பாதைகளும் உண்டு. பட்டம் பெற்றுத் தேர்வெழுதிப் பரங்கிமலைக்குப் போகலாம். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து "சி" சான்றிதழ் பெற்றவர்களுக்குத் தனி வழியே இருக்கிறது. பிளஸ் 2-வில் அறிவியல் படித்தவர்கள் ராணுவ நர்சிங் பக்கம் போகலாம்.

மீண்டும் கையெழுத்து

பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், 1895-ம் ஆண்டிலேயே பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரில் பெண்கள் கல்லூரி தோன்றிவிட்டது. இன்று அந்தக் கேள்வியை நெல்லையில் கேட்பார் இல்லை. பட்டாளத்தைப் பற்றிய கேள்வியும் ஒருநாள் அப்படித்தான் ஓயும்.

எல்லாப் பெண்களும் ராணுவத்துக்குப் போக வேண்டும் என்பதில்லை. போக விரும்பும் பெண்ணிடம் "எதற்கு?" என்று கேட்பதிலும் தவறில்லை. கேட்டுவிட்டு, அவள் சொல்லும் பதிலை முழுதாகக் கேட்க வேண்டும்.

18 வயது நிரம்பாமல் அக்னிவீராகச் சேருவோரின் படிவத்தில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது இன்றைய விதி. ராணுவம் பூட்டைத் திறந்துவிட்டது. சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. கடைசிக் கையெழுத்து மட்டும் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. 1943-ல் கோலாலம்பூரில் ஒரு தகப்பனார் அதற்கு மனம் இசைந்தார். அதனால்தான் உலகத்துக்கு ஒரு கேப்டன் ஜானகி கிடைத்தார்.