முதல் சோதனை வாசலில், இரண்டாவது எங்கே?

தென்காசி மாவட்டம் சிவகிரிப் பக்கம் ஐம்பது தாண்டிய பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால், பிள்ளைகள் எத்தனை, பேரன் பேத்தி எத்தனை என்பதோடு சர்க்கரை எவ்வளவு என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. "எனக்கு நூத்தி எண்பது" என்பார் ஒருவர். "எனக்கு இருநூத்திப் பத்துல்லா" என்பார் பக்கத்தில் இருப்பவர். எப்போது எடுத்தது, வெறும் வயிற்றிலா சாப்பிட்ட பிறகா என்று கேட்டால்தான் தடுமாற்றம். எண் மட்டும் மனதில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தீர்களா என்றால், இல்லை என்று தலையாட்டுகிறார்கள்.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தெருக்கள்வரை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டுத் திண்ணையில் பார்க்கப்படுகின்றன. மாத்திரையும் வீடு தேடி வருகிறது. இதில் எனக்கு மறுபேச்சே இல்லை. என் கவலையெல்லாம் அந்த முதல் எண்ணுக்கு அடுத்து நடக்க வேண்டியதைப் பற்றித்தான்.

சோதனை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். தன்னார்வலர் பையைத் திறந்தபடியே கேட்கிறார்: "ஆச்சி, காலைல ஏதும் சாப்பிட்டியளா?" ஆச்சி சொல்கிறார்: "இல்ல தாயி, ஒரு காப்பி மட்டும் குடிச்சேன். சீனி போடல, கருப்பட்டிதான்." தன் வயிறு வெறும் வயிறுதான் என்று ஆச்சி மனதார நம்புகிறார். கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரைதான் என்பதும், வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்பதும் அவருக்கு யாரும் உட்கார்ந்து விளக்காத விஷயங்கள். தட்டிய கருப்பட்டித் தூள் விரலில் ஒட்டியிருந்தால் அதுவும் எண்ணில் ஏறும். பழம் உரித்த கையோடு விரலைக் குத்தி ஜப்பானில் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகும் அளவு கூடுதலாகவே வந்தது. தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியான அளவுக்கு இறங்கியது.

கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. 100-க்கு மேற்பட்ட அளவுகளில் குளுக்கோமீட்டர் 15 சதவீதம் கூட்டியோ குறைத்தோ காட்டலாம் என்று சர்வதேசத் தர விதியே அனுமதிக்கிறது. வெறும் வயிற்றில் 126 என்பது நோய் என்று சொல்லும் எல்லைக்கோடு. ஆய்வகத்தில் 126 வரும் ரத்தத்துக்கு இந்தக் கருவி 108 காட்டினாலும் 144 காட்டினாலும் அது தரத்துக்கு உட்பட்டதுதான். ஒருவரைச் "சர்க்கரை இல்லை" என்று அனுப்பிவிடவும், இன்னொருவரை ஆயுள் முழுக்க நோயாளியாக்கவும் இந்த இடைவெளி போதும்.

ரத்தச்சோகைக் கணக்கிலும் இதே கதைதான். 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் விரல் நுனியில் எடுத்த துளி ரத்தத்தை வைத்து, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58 சதவீதத்துக்கும் அதிகமானோருக்கு ரத்தச்சோகை என்றார்கள். 2016-18-ல் நரம்பில் ரத்தம் எடுத்துச் செய்த இன்னொரு தேசியக் கணக்கெடுப்பு, 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் என்றது. வயது வரம்பில் சிறு வேறுபாடு உண்டு. ஆனாலும் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் ரத்தம் எடுத்த விதம் என்றே ஆய்வாளர்கள் வாதிட்டார்கள்.

குத்தாமலே செய்யும் சோதனையும் இருக்கிறது. சென்னை ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணுக்கு ஓர் அளவு நாடாவும் நாலு கேள்வியும் போதும்: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா. 60-ம் அதற்கு மேலும் வந்தால் அபாயம் அதிகம். ஐம்பது வயதுக்கு 30 மதிப்பெண். உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி கிடையாது என்றால் இன்னொரு 30. தென்காசி மாவட்டத்தில் முறத்தை மடியில் வைத்து நாள் முழுக்கப் பீடி சுற்றும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு, இடுப்பை அளக்கும் முன்பே 60 வந்துவிடுகிறது! அந்த ஆய்வின் கணக்குப்படியே, 60-ஐத் தொட்ட நூறு பேரில் 17 பேருக்குத்தான் உண்மையில் சர்க்கரை நோய் இருந்தது. மறுபக்கம், நோய் இருந்தவர்களில் ஏறத்தாழ 28 சதவீதம் பேர் 60-க்குக் கீழே நின்று தப்பிவிட்டார்கள்.

இதைச் சோதனையின் குறை என்று நான் சொல்லவில்லை. யாரெல்லாம் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று பிரித்தெடுக்கத்தான் அது உருவானது. அடுத்த படி இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்ட முதல் படி அது. அடுத்த படியில் கால் வைக்காதவருக்கு அந்த 60 வெறும் பயம்.

அடுத்த படியைக் கையோடு கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சாட்சி. 30 முதல் 59 வயதுவரையான பெண்களுக்கு அங்கே கருப்பை வாய்ப் புற்றுநோய் முன்சோதனை நடந்தது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுத்த திட்டு தெரிகிறதா என்று செவிலியர்கள் வெறும் கண்ணால் பார்க்கும் எளிய முறை. 2000 முதல் 2003 வரை 31,343 பேருக்குப் பார்த்ததில் 3,088 பேருக்குச் சந்தேகம் வந்தது. அவர்களில் 3,052 பேருக்கு உருப்பெருக்கிக் கருவியில் அடுத்த சோதனை நடந்தது. விட்டுப்போனவர்கள் 36 பேர்தான். புற்றுக்கு முந்தைய நிலை இருந்த 1,874 பேரில் 72 சதவீதம் பேர் சிகிச்சையும் பெற்றார்கள். ஒரே ஒரு முறை செய்த இந்தச் சோதனையால், சோதனை நடக்காத பகுதிகளைவிட அங்கே இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு என்று 2007-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. வெறும் கண்ணால் பார்ப்பது அப்படியொன்றும் துல்லியமான முறையல்ல. ஆனாலும் அத்தனை உயிர்கள் தப்பின. அந்த 3,052 என்ற எண்ணில்தான் காரணம் இருக்கிறது.

நோயை உறுதிப்படுத்தவும் சிகிச்சை தரவும் வசதி இருந்தால்தான் ஊரைத் திரட்டிச் சோதனை செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1968-லேயே வெளியிட்ட விதிகளில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அங்கே என் கவலை இரட்டிப்பாகிறது. 2009-ல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்தால் எத்தனையோ பிள்ளைகள் மூக்குக் கண்ணாடி போட்டுக் கரும்பலகையைப் படித்தார்கள். கண் சோதனையில் ஆறு மீட்டர் தூரத்தில் அட்டை தொங்கும். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். முன்னால் நிற்பவன் சத்தமாகப் படிப்பதைக் கேட்டுக் கேட்டே பின்னால் நிற்பவனுக்கு மனப்பாடம் ஆகிவிடும். ஒரு கண்ணை விரலால் மூடச் சொன்னால், இடுக்கு வழியாகப் பார்ப்பான். அது திருட்டுத்தனம் இல்லை; எல்லாரையும் போலத் தானும் சொல்லிவிட வேண்டும் என்ற பிள்ளை மனசு. உள்ளங்கையால் மூடச் சொல்லி, எழுத்தை வலமிருந்து இடமாகவும் கேட்டால் பாதிப் பிழை அங்கேயே தீரும்.

மீதிப் பாதி தீராது. தூரப் பார்வை உள்ள பிள்ளைக்கு அந்த அட்டை பளிச்சென்று தெரியும். புத்தகத்தைக் கிட்டே வைத்துப் படிக்கும்போதுதான் எழுத்து கலங்கும், தலை வலிக்கும். "கண் நல்லா இருக்கு" என்று எழுதியாகிவிட்டதால், இனி அந்தப் பிள்ளை படிக்காததற்குக் கண்ணை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-ல் வந்தபோது, கற்றல் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை அவரவர் நிலையிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுக்கும் நல்ல ஏற்பாடு அது. அடிக்கடி மறுபடி பார்த்து நிலையை மாற்ற வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. ஆனால் எழுத்து கலங்குகிற பிள்ளை எத்தனை முறை பார்த்தாலும் அரும்பிலேயே நிற்கும். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டிய ஒரு பிள்ளைக்கு வீட்டிலும் தெருவிலும் மக்கு என்று பேர் விழுகிறது. பார்வை மங்கிய ஒற்றைக் கண்ணை ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் மீட்கும் வாய்ப்பு அதிகம். அந்த வயதைத்தான் நாம் வீணாக்குகிறோம்.

முதல் சோதனை கிராமத்துக்கு வந்ததே பெரிய காரியம், கொஞ்சம் பிழை இருந்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிழைக்கு விலை கொடுப்பவர் யார்? உறுதிப்படுத்தும் சோதனைக்குத் தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போ என்று சிவகிரிக்காரருக்குச் சீட்டு எழுதினால், அவர் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் எல்லாம் தாண்டிப் போய் வர வேண்டும். கரும்பு வெட்டுக்கோ நடவுக்கோ போகும் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி. பிள்ளையைக் கூட்டிப்போனால் பிள்ளைக்கும் ஒரு நாள் பள்ளிக்கூடம் போச்சு. அந்தச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைக்கப்படுவதில் ஆச்சரியம் என்ன?

எத்தனை பேருக்குச் சோதனை செய்தோம் என்று மட்டும் கணக்கு எழுதுவதை இனி விட வேண்டும். சந்தேகம் வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது சோதனைக்குப் போனார்கள் என்பதுதான் முதல் வரியில் வர வேண்டிய எண். வயல் வேலைக்குக் கிளம்பும் முன், காலை ஆறரை மணிக்கே, வாரம் ஒரு நாள் சிவகிரியிலேயே வெறும் வயிற்று ரத்தம் எடுக்க வேண்டும். பள்ளியில் கண் அட்டை தொங்கும் அதே வாரம், சொட்டு மருந்தோடு கண் மருத்துவர் அங்கே வர வேண்டும். பார்வையும் காதும் முழுதாகப் பார்க்கப்படாத எந்தப் பிள்ளையையும் மெல்லக் கற்பவர் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படியொரு சீட்டு வந்தால், அதை நீட்டுபவரிடமே கேளுங்கள்: அடுத்த சோதனை என்ன, எந்தக் கிழமை, எங்கே? பதிலை அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.