‘சிவில்’ என்ற சொல்லை நம்பி இருந்துவிடாதீர்கள்

அமெரிக்காவில் பிள்ளைக்கு வேலை போய்விட்டது என்று தெரிந்ததும் இங்கே பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுமா?” என்பதுதான். வேலையோடு அங்கே தங்கும் அனுமதியும் போய்விடுமே என்ற பயம்.

முறையாக விசா பெற்றுப் போனவர், அனுமதித்த நாளுக்கு மேல் தங்கிவிடுவது மட்டுமே அந்நாட்டுச் சட்டப்படி குற்றமாகாது. அது சிவில் மீறல். 2012இல் அரிசோனா மாநில வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. சோதனைக்கு உட்படாமல் எல்லை தாண்டி நுழைவது குற்றம். முதல் முறை என்றால் 6 மாதம் வரை சிறை. கிரீன் கார்டுக்காகப் போலித் திருமணம் செய்தால் 5 ஆண்டு வரை.

சிவில்தானே என்று ஆறுதல் கொள்வதில்தான் ஆபத்து. குற்ற வழக்கில் சிறைக்குப் போக நேரிடும் ஏழைக்கு அரசே வக்கீல் வைத்துத் தரும். நாடுகடத்தல் வழக்கில் அந்த உரிமை இல்லை. சொந்தச் செலவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கு முடியும்வரை தடுப்பு மையத்தில் அடைத்தும் வைக்கலாம். எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

நாள் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் தேதி வேறு, எதுவரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 தேதி வேறு. பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால் ஐ-94 தேதியையும் அதற்கேற்பக் குறைத்துவிடுவதுண்டு. ஒவ்வொரு முறை உள்ளே நுழைந்ததும் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் வரை அவகாசம் உண்டு. ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். சட்டவிரோதமாகத் தங்கியது 180 நாளைத் தாண்டியபின் வெளியேறினால் 3 ஆண்டு, ஓராண்டு ஆகிவிட்டால் 10 ஆண்டு திரும்ப வர முடியாது.

பிடிபட்டால் பேசாமல் இருக்க உரிமை உண்டு. இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம். தானாகவே ஊர் திரும்பச் சம்மதிக்கும் தாள் உட்பட எதிலும் வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

வீடு மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விடுவது குற்றம். வழக்கு நடந்தால் நீதிமன்றத்துக்கும் 5 நாளுக்குள் தனியே சொல்ல வேண்டும். இல்லையென்றால் விசாரணைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். ஆள் வராத நிலையிலேயே நீதிபதி நாடுகடத்தும் உத்தரவைப் போட்டுவிடலாம்.