முகவரிப் புத்தகத்தை வரைபடமாக்குவோம்

எமது கடையில் பதினேழு வருடங்கள் லொறி ஓட்டிய நானா ஒருவர், வயது போய்விட்டதென்று வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். புறக்கோட்டையில் பிளாஸ்டிக் சாமான்களை மொத்தமாக விற்கும் எமக்குச் சுமார் இருநூறு சில்லறைக் கடைகள் வாடிக்கை. அவர் போன முதல் வாரத்திலேயே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

"முதலாளி, சாமான் இன்னும் வரல்லயே!"

புதிய சாரதியின் கையில் பில் இருந்தது. பில்லில் முகவரியும் இருந்தது. ஆனால் கடையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மாலையில் பாதிச் சாமானோடு லொறி திரும்பி வந்தது. இரண்டு மாதங்களுக்குள் நான்கு கடைக்காரர்கள் வேறிடத்தில் கொள்வனவு செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

எமது வியாபாரத்தின் பாதை முழுவதும் ஒரு மனிதரின் தலைக்குள் இருந்திருக்கிறது. அவர் போனதும் அதுவும் போய்விட்டது. கணக்குப் புத்தகத்தை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கும் நாம், இதை ஒரு நாளும் எழுதி வைத்ததில்லை. நம்மில் அநேகமானோரின் நிலை இதுதான். இதற்குப் பரிகாரம் செலவில்லாதது. உங்களிடம் இருக்கும் முகவரிகளை வரைபடத்தில் புள்ளிகளாக மாற்றி வைப்பதே அது.

முகவரி எப்படிப் புள்ளியாகிறது?

பூமியிலுள்ள எந்த இடத்தையும் இரண்டு எண்களால் குறிக்கலாம் என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். ஒன்று அகலக்கோடு, மற்றது நெடுங்கோடு. கொழும்பு கோட்டைப் பகுதி ஏறத்தாழ 6.93, 79.85 என்ற எண்களில் இருக்கிறது. நாம் எழுதிக் கொடுக்கும் முகவரியை இந்த இரண்டு எண்களாக மாற்றித் தருவதுதான் இணையத்திலுள்ள வரைபடச் சேவைகள் செய்யும் வேலை.

அவை இதைச் செய்வது இரண்டு வழிகளில். அந்தக் கட்டடம் அவற்றின் பதிவில் இருந்தால் நேரே அதைக் காட்டும். இல்லாவிட்டால் கணக்குப் போட்டு ஊகிக்கும். ஒரு வீதியின் தொடக்கத்தில் 1 ஆம் இலக்கமும் முடிவில் 99 ஆம் இலக்கமும் இருந்தால், 50 ஆம் இலக்கம் நடுவில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும். இலக்கங்கள் ஒழுங்காக அமைந்த நாடுகளில் இந்த ஊகம் சரிவரும். நமது நாட்டில் 125/3 என்றால் பெரும்பாலும் 125 ஆம் இலக்கத்தின் பக்கத்தால் போகும் ஒழுங்கைக்குள் இருக்கும் இடம். அது வீதியிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது.

முதலில் முகவரியைத் துப்புரவாக்குங்கள்

வேலையில் பெரும்பகுதி இதுதான். எக்செல் தாள் ஒன்றைத் திறந்து, கடையின் பெயர், இலக்கமும் வீதியும், ஊர், தபால் இலக்கம், நாடு, விநியோக நாள் என்று நிரல்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கடைக்கு ஒரு வரி. ஆங்கில எழுத்தில் பதிவது நல்லது. வரைபடங்களில் நமது வீதிப் பெயர்கள் பெரும்பாலும் அப்படித்தான் பதியப்பட்டுள்ளன.

இதில் கவனிக்க வேண்டியவை சில:

ஊரின் பெயரை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். ஸ்டேஷன் வீதி பம்பலப்பிட்டியிலும் இருக்கிறது, வெள்ளவத்தையிலும் இருக்கிறது. பிரதான வீதி இல்லாத ஊரைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம்.

நாட்டின் பெயரையும் ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். பிரேசில் நாட்டிலும் கொழும்பு என்று நாம் ஆங்கிலத்தில் எழுதும் அதே எழுத்துகளில் ஒரு நகரம் உண்டு. உங்கள் வாடிக்கையாளர் அங்கே குடியேறிவிடக் கூடாது!

பழைய வீதிப் பெயர்களை மாற்றுங்கள். நம் வாயில் இன்னும் டுப்ளிகேஷன் றோட் என்றும் நொறிஸ் றோட் என்றும்தான் வருகிறது. வரைபடத்துக்கு ஆர்.ஏ. டி மெல் மாவத்தை, ஒல்கொட் மாவத்தை என்று கொடுப்பதே பாதுகாப்பு.

தபால் இலக்க நிரலை எண்ணாக அல்லாமல் எழுத்தாக வைத்திருக்கும்படி எக்செலில் முதலிலேயே மாற்றிவிடுங்கள். கொழும்பு 11 இன் தபால் இலக்கம் 01100. எண்ணாக எழுதினால் முன்னாலுள்ள பூச்சியத்தை எக்செல் விழுங்கிவிடும்.

"பள்ளிக்கு எதிரே", "ஆலமரத்தடி" போன்ற குறிப்புகளைத் தனியாக ஒரு நிரலில் போடுங்கள். இயந்திரத்துக்கு அவை குழப்பம். சாரதிக்கு அவைதான் வழிகாட்டி.

வரைபடத்தில் ஏற்றுவது எப்படி?

சிறு வியாபாரிக்கு இலகுவானது கூகுளின் மை மேப்ஸ் சேவை. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும், கட்டணமில்லை. கணினியில் அதைத் திறந்து புதிய வரைபடம் ஒன்றை உருவாக்கி, எக்செல் கோப்பை அதற்குள் ஏற்ற வேண்டும். இடத்தைக் காட்டும் நிரல்கள் எவை, புள்ளிக்குப் பெயராக வரும் நிரல் எது என்று அது கேட்கும். தெரிவு செய்ததும் புள்ளிகள் விழத் தொடங்கும். ஓர் அடுக்கில் 2,000 வரிகள் வரை ஏற்றலாம். நம்மில் பெரும்பாலானோருக்கு இது தாராளம். கண்டுபிடிக்க முடியாத வரிகளை அது தனியே காட்டித் திருத்தச் சொல்லும். விநியோக நாளின்படி நிறம் பிரிக்கவும் முடியும்.

கூகுளை விரும்பாதவர்களுக்கு ஓபன் ஸ்ட்ரீட் மேப் இருக்கிறது. 2004 இல் பிரித்தானியாவில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. பொதுமக்களே வீதிகளையும் கட்டடங்களையும் பதிந்து வளர்க்கும் வரைபடம் அது. உங்கள் ஊர் ஒழுங்கை அதில் இல்லாவிட்டால் நீங்களே சேர்க்கலாம்.

புள்ளியை நம்பிவிடாதீர்கள்

இயந்திரம் கண்டுபிடிக்காத முகவரியால் பெரிய நட்டமில்லை. பிழையாகக் கண்டுபிடித்த முகவரிதான் லொறியைத் தவறான ஊருக்கு அனுப்பும். வீதியைக் காணாவிட்டால் சில வேளைகளில் அது ஒன்றும் சொல்லாமல் ஊரின் நடுவில் புள்ளியைப் போட்டுவிடும். ஒரே இடத்தில் நாலைந்து கடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தால் அது இந்த வேலைதான் என்று சந்தேகியுங்கள்.

சரியான புள்ளியைப் பெற ஒரு சுலப வழி இருக்கிறது. சாரதி கடை வாசலில் நின்று வட்ஸ்அப் மூலம் தான் நிற்கும் இடத்தை உங்களுக்கு அனுப்பட்டும். அந்த இடத்தை வரைபடத்தில் திறந்து இரண்டு எண்களையும் எடுத்து, எக்செலில் இரண்டு புதிய நிரல்களில் பதிந்து கொள்ளுங்கள். பிறகு முகவரிக்குப் பதிலாக அந்த எண்களைக் கொண்டே புள்ளிகளை ஏற்றலாம். ஒரு சுற்று விநியோகம் முடியும்போது உங்கள் பட்டியல் திருத்தமாகிவிடும்.

எண்களைப் பரிசோதிக்கவும் ஒரு வழி உண்டு. இலங்கைக்குள் உள்ள இடமென்றால் முதல் எண் 5.9 க்கும் 9.9 க்கும் இடையிலும், இரண்டாவது எண் 79 க்கும் 82 க்கும் இடையிலும் இருக்க வேண்டும். இரண்டையும் மாற்றி எழுதினால் உங்கள் கடை வடதுருவத்துக்குக் கிட்டிய கடலில் போய் நிற்கும். தசம புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கங்களாவது இருக்கட்டும். நான்காவது இலக்கம் சுமார் 11 மீற்றரைக் குறிக்கும். இரண்டு இலக்கங்களோடு நிறுத்தினால் ஒரு கிலோமீற்றர் அளவுக்குப் பிசகலாம்.

எமக்குக் கிடைத்த பலன்

எமது புள்ளிகளை நாள்வாரியாக நிறம் பிரித்துப் பார்த்தபோது ஒரு விடயம் கண்ணில் குத்தியது. செவ்வாய்க்கிழமை களுத்துறைக்குப் போகும் லொறி, அங்கிருந்து மத்துகம வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை இன்னொரு பயணம் தர்கா நகருக்கு. அளுத்கமையிலிருந்து மத்துகமைக்குச் செல்லும் வீதியோ தர்கா நகர் ஊடாகத்தான் போகிறது. மத்துகமைக் கடைகளை வியாழக்கிழமைக்கு மாற்றினோம். செவ்வாய்க்கிழமை லொறி நேரத்தோடு திரும்புகிறது. பல வருடங்களாக பில் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருந்தும் இது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

2022 ஜூலையில் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிடப்பட்ட காலத்தை நாம் மறக்கவில்லை. ஒவ்வொரு லீற்றருக்கும் கணக்குப் பார்த்தோம். வரிசைகள் இல்லாமற் போனாலும் அந்தக் கணக்கைக் கைவிடக் கூடாது.

ஒன்றைக் கவனியுங்கள். வரைபடத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கிடையில் ஆறோ ரயில் பாதையோ இருக்கலாம். கூகுள் வரைபடத்தில் ஒரு பயணத்துக்கு 9 தரிப்பிடங்கள் வரை சேர்த்து வீதி வழியான தூரத்தைப் பார்க்கலாம். ஆனால் எந்தக் கடைக்கு முதலில் போவது என்ற ஒழுங்கை நீங்கள்தான் அமைக்க வேண்டும். அதற்கு அனுபவமுள்ள சாரதியை அருகில் இருத்திக்கொள்ளுங்கள்.

வரைபடம் யார் கையில்?

கடைசியாகச் சொன்னாலும் இது முக்கியமான விடயம். 1983 ஜூலையில் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தேடித் தாக்கப்பட்டன. 2014 இல் அளுத்கமையிலும், 2018 இல் திகனையிலும், 2019 இல் மினுவாங்கொடையிலும் நமது கடைகள் எரிந்தன. இருநூறு கடைகளின் பெயரும் இடமும் அடங்கிய ஒரு வரைபடம் தவறான கையில் கிடைத்தால் என்னவாகும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மை மேப்ஸில் நீங்கள் உருவாக்கும் வரைபடம் ஆரம்பத்தில் உங்களுக்கு மட்டுமே தெரியும். அதை அப்படியே வைத்திருங்கள். சாரதிக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கும் அவரவர் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வேலையை விட்டுப் போகும்போது அனுமதியை நீக்குங்கள். இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற தெரிவைத் தொடவே வேண்டாம். கடன் பாக்கியையும் தொலைபேசி இலக்கத்தையும் வரைபடத்தில் ஏற்றாதீர்கள். தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, வாடிக்கையாளரின் முகவரி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

எக்செல் கோப்பின் பிரதியொன்றையும் உங்கள் கையிலேயே வைத்திருங்கள். நாளை ஒரு சேவை மூடப்பட்டாலும் எண்கள் உங்களிடம் இருக்கும்.

இருநூறு கடைகளையும் ஒரே நாளில் செய்யப் போனால் அலுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். ஒரு பயணப் பாதையை மட்டும் எடுத்து இருபது முகவரிகளுடன் தொடங்குங்கள். கணினி தெரிந்த மகனோ மகளோ வீட்டில் இருந்தால் ஒரு மாலைப் பொழுது போதும். உங்கள் பழைய சாரதி இன்னும் வேலையில் இருக்கிறாரென்றால், அவர் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.