அடுப்பை அணைக்கும் இருவர்

வெள்ளவத்தை, காலி வீதியிலுள்ள ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு மூட்ட ஒரு பொடியன் துடித்துக்கொண்டு நிற்கிறான். முதலாளி அவன் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறார். ஓடர் வந்தால்தான் விடுவார். நம் கலத்தில் பொடியனின் பெயர் ஈ2எஃப், முதலாளி ஆர்.பி. புரதம். ஓடர் என்றால் கலம் பிரிவதற்கான உத்தரவு.

இன்னொருவர் தலைமைச் சமையற்காரர், பி53. ஓடர் இல்லாமல் அடுப்பு எரிந்தாலோ, டி.என்.ஏ. பழுதானாலோ வேலையை நிறுத்திவிடுவார். திருத்த முடியாதென்றால் சட்டியோடு கொட்டிவிடுவார். கலம் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும்.

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசுக்குச் சொந்த அடுப்பு கிடையாது. தன் டி.என்.ஏ.யைப் பிரதியெடுக்க நம் அடுப்புத்தான் எரியவேண்டும். அதனால் அதன் ஈ7 புரதம் முதலாளியை மடக்கிப் பிடிக்கிறது, பொடியன் அவிழ்ந்துவிடுகிறான். பி53 சும்மா இருப்பாரா? அவருக்காகவே ஈ6 இருக்கிறது. அது தானாக அவர்மேல் கை வைப்பதில்லை. அதே குசினியில் வேலை செய்யும் ஈ6ஏபி என்ற ஆளைக் கூட்டிவந்து, அவர் முதுகில் ‘குப்பை’ என்று சீட்டு ஒட்டவைக்கிறது. மீதியைக் கலத்தின் குப்பை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். கெட்டிக்காரக் கள்ளன்தான்! ஈ7இன் வேலை 1989இலும் ஈ6இன் வேலை 1990இலும் வெளிச்சத்துக்கு வந்தன.

பல புற்றுநோய்களில் பி53இன் மரபணுவே பழுதாகிவிடும். இந்தப் புற்றுநோயில் பெரும்பாலும் அப்படியில்லை. கலம் பி53ஐச் செய்துகொண்டே இருக்கிறது, ஈ6 அதைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. 1951இல் ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்ட ஹீலா கலங்களில் எச்.பி.வி. 18 உண்டு, ஆய்வுகூடங்களில் அவை இன்றும் பெருகுகின்றன. அவற்றினுள் ஈ2 என்ற புரதத்தைச் செலுத்தி ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கியபோது, பி53உம் ஆர்.பி.யும் வேலைக்குத் திரும்பின. அரை நூற்றாண்டாகப் பெருகிய கலங்கள் பிரிவதை நிறுத்தின. எனக்கு இதைவிட நம்பிக்கை தரும் பரிசோதனை வேறில்லை.

ஆனால் அது ஆய்வுகூடத்து வெற்றி, இன்னும் மருந்தாகவில்லை. நம் கையில் இருப்பது வைரசை உள்ளே விடாத தடுப்பூசி. ஏற்கெனவே நுழைந்துவிட்ட வைரசை அது துரத்தாது, ஆகவே சிறு வயதிலேயே போடவேண்டும். இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, இலவசமாக. வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, பாடசாலையிலிருந்து சம்மதப் படிவம் வந்தால் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அம்மாமாருக்கு 35 வயதானால் சுகவனிதையர் கிளினிக்கில் பரிசோதனை இருக்கிறது, அதையும் தள்ளிப்போடாதீர்கள்.