ஹெட்மாஸ்டர் இல்லாத உலகம்!



ஒரு நாள் நம்ம ஸ்கூலுக்கு ஹெட்மாஸ்டர் வரலை, டீச்சர் யாரும் வரலை, கேட்டில் வாட்ச்மேனும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கும்? "ஜாலி!" என்று கத்தாதீர்கள். முதல் பீரியட் ஜாலிதான். மூணாவது பீரியடில் யாராவது யாருடைய டிபன் பாக்ஸையாவது தூக்கிவிடுவார்கள். யாரிடம் போய்ச் சொல்வது?

உலக நாடுகளின் நிலைமை எப்போதுமே இதுதான். நாடுகளுக்கு மேலே ஹெட்மாஸ்டர் கிடையாது. "ஐ.நா. சபை இருக்கே?" என்பீர்கள். அது 1945-ல் நாடுகளே சேர்ந்து ஆரம்பித்த சங்கம். ஒரு பெரிய வல்லரசு பேச்சைக் கேட்கவில்லை என்றால், அதைப் பெஞ்ச் மேல் ஏற்றி நிற்க வைக்க அதனால் முடியாது.

அப்படியானால் நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன? அதைவிட ஆச்சரியம், பல நேரங்களில் ஏன் ஒத்துப்போகின்றன? போன மாதம் எங்கள் வகுப்பில் நடந்த பட்டிமன்றத்துக்காக இதைப் படித்தேன். படித்ததையும், அதில் நான் செய்த ஒரு தப்பையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் அணி: யதார்த்தவாதம்

"உன்னைக் காப்பாத்த நீ மட்டும்தான். பலத்தைச் சேர்த்துக்கோ!" இதுதான் இவர்கள் கட்சி. சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வரலாற்று ஆசிரியர் தூசிடிடிஸ், ஏதென்ஸ் வளர்வதைப் பார்த்து ஸ்பார்ட்டாவுக்கு ஏற்பட்ட பயம்தான் போருக்குக் காரணம் என்று எழுதினார். நம் கௌடில்யரும் அர்த்தசாஸ்திரத்தில், எல்லையை ஒட்டிய அரசனைப் பகைவனாகவும், அவனுக்கு அந்தப் பக்கம் இருப்பவனை நண்பனாகவும் கணக்குப் போட்டார்.

இவர்கள் சொல்லும் முக்கியமான விஷயம் பயம். பக்கத்து வீட்டுக்காரர் திருடனுக்குப் பயந்து நாய் வாங்குகிறார். அது நம்மைக் கடிக்கத்தான் என்று நினைத்து நாம் ரெண்டு நாய் வாங்குகிறோம். அவர் மூணு வாங்குகிறார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ரெண்டு வீட்டிலும் தூக்கம் போச்சு!

இரண்டாம் அணி: தாராளவாதம்

தாராளமாகச் செலவு செய்வது என்று நினைத்துவிடாதீர்கள்! ஜெர்மன் தத்துவ ஞானி காண்ட் 1795-ல் நிரந்தர அமைதியைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் வழியில் வந்தவர்கள் மூன்று கயிறுகளைச் சொல்கிறார்கள். ஒன்று, மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசு. இரண்டு, வியாபாரம். மூன்று, பொதுவான விதிகளும் அமைப்புகளும். இந்தக் கயிறுகளால் கட்டினால் பயம் குறையும் என்பது இவர்கள் வாதம். நாளைக்கும் இவன் பக்கத்தில்தான் உட்காரணும் என்று தெரிந்தால், இன்னைக்கு ஏமாத்த யோசிப்போம் இல்லையா? அதுபோலத்தான்.

நான் எந்த அணி?

எனக்குக் கிடைத்தது யதார்த்தவாதம். எனக்கு ஒரே சந்தோஷம். காரணம் இருக்கிறது. என் மாமா ராணுவத்தில் இருக்கிறார், ஜம்மு பக்கம். 2025 மே 7 முதல் 10 வரை இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட அந்த நாலு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. அம்மா போனைக் கையை விட்டு இறக்கவே இல்லை. "ஒப்பந்தமாவது, ஒத்துழைப்பாவது, எல்லாம் வெறும் காகிதம்" என்றுதான் நானும் நினைத்தேன். அதை நிரூபிக்க சிந்து நதி ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டேன்.

ஆறு நதிகளின் கதை

1947-ல் நாடு பிரிந்தபோது பஞ்சாபின் கால்வாய்களும் துண்டாகின. மதகுகள் சில இந்தியப் பக்கம், அந்தத் தண்ணீரை நம்பிய வயல்கள் பாகிஸ்தான் பக்கம். 1948 ஏப்ரல் 1 அன்று கிழக்குப் பஞ்சாப் தண்ணீரை நிறுத்தியது. பேச்சு நடந்து மே மாதம் ஓர் உடன்பாடு வந்த பிறகுதான் விஷயம் தற்காலிகமாகத் தணிந்தது. பிறகு 1952 முதல் உலக வங்கி நடுவில் இருந்து பேச, 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்துப் போட்டார்கள்.

ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. அந்த மூன்றிலும் அளவோடு பாசனம் செய்யவும், நிபந்தனைகளோடு மின்சாரம் எடுக்கவும் இந்தியாவுக்கு உரிமை உண்டு. இரண்டு நாட்டுக்கும் ஆளுக்கொரு ஆணையர். அவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது சந்திக்கணும்.

மேடையில் நான் வெளுத்து வாங்கினேன். "இது ஒத்துழைப்பா? பங்காளிகள் சொத்தைப் பிரித்துக்கொண்டது போல நதிகளைப் பிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்! 2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றார்கள். மறுநாளே இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. நாட்டின் பாதுகாப்பு என்று வந்தால் காகிதம் நிற்காது!" கைதட்டல். எங்கள் அணிதான் ஜெயித்தது.

நான் சொல்லாமல் விட்டது

ஒன்றை மட்டும் நான் மறைத்துவிட்டேன். பாகிஸ்தான் புதிய கால்வாய்கள் கட்டிக்கொள்ள இந்தியா பத்துத் தவணைகளில் சுமார் 6.2 கோடி பவுண்டு தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 1965-ல் இரண்டு நாடுகளும் போர் செய்தன. அந்த ஆண்டும் இந்தியா தவணையைக் கட்டியது! 1965, 1971, 1999 என்று மூன்று போர்களைத் தாண்டி அந்த ஒப்பந்தம் நின்றது. எதிரணிக்கு லாபமாகிவிடுமே என்று இதை நான் வாயே திறக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். பயம் ஏன் போக மாட்டேங்குது என்பதை யதார்த்தவாதம் நன்றாகச் சொல்கிறது. 2025-ல் நடந்தது அதற்குச் சாட்சி. ஆனால் அந்தப் பயத்தோடேயே 65 வருஷம் எப்படித் தண்ணீரைப் பிரித்துக்கொள்ள முடிந்தது என்பதைச் சொல்ல அது மட்டும் போதாது. அதற்குத் தாராளவாதம் வேணும். நட்பு இருந்ததால் அந்த ஒப்பந்தம் நிற்கவில்லை. எது யாருக்கு என்று தெளிவாக எழுதியிருந்தது. தகராறு வந்தால் எங்கே போகணும் என்றும் எழுதியிருந்தது. சண்டைக்குப் பிறகும் ஆணையர்கள் உட்கார்ந்து பேசினார்கள். மே 10 அன்று சண்டை நின்றதும் இரண்டு ராணுவத்தின் தலைமை இயக்க அதிகாரிகள் போனில் பேசிக்கொண்ட பிறகுதான்.

லீவில் வந்த மாமாவிடம் "நீங்க எந்த அணி?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுச் சொன்னார்: "துப்பாக்கி இல்லாம அங்க நிக்க முடியாது பாப்பா. ஆனா எப்ப சுடறதை நிறுத்தணும்னு துப்பாக்கி சொல்லாது. அதுக்கு ரெண்டு பக்கமும் யாராவது பேசணும்."

அடுத்த பட்டிமன்றத்தில் எனக்கு எந்த அணி கிடைத்தாலும் சரி, அந்தத் தவணைக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் வாதாடுவேன். நீங்கள் எந்த அணி, நண்பர்களே? யோசித்துச் சொல்லுங்கள்!

— பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி